அறைக்கு ஒரு பாணி வேண்டுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு 22 வயதாகிறது. ஒரு ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை, இரண்டு குளியலறை, மொத்தம் 950 சதுர அடி. ஹாலின் பெரிய ஜன்னல் மேற்குப் பார்த்தது. இப்போதுதான் முதல்முறையாக வீட்டை முழுசாகப் புதுப்பிக்கப் போகிறோம். கணவருக்கு சிமென்ட் நிறச் சுவரும் கருப்பு இரும்புமாக இருக்கும் இண்டஸ்ட்ரியல் பாணி பிடிக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள் ஸ்காண்டிநேவியன்தான் வேண்டும் என்கிறாள். எல்லாம் வெள்ளை, வெளிர் மரம். அவளும் என் மாமியாரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். எனக்குப் பழைய மரச்சாமான்களும் அழுத்தமான வண்ணங்களும் பிடிக்கும். மாமனார் செய்துவைத்த தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது, அதை அனுப்பிவிட மனமில்லை. மாமியாரைக் கேட்டால், "எப்படியோ செய்யுங்கள், பெருக்கித் துடைக்கச் சுலபமாக இருந்தால் சரி" என்கிறார். வடிவமைப்பாளர் எல்லோரையும் சமாதானப்படுத்த அறைக்கு ஒரு பாணி என்று வரைந்து கொடுத்திருக்கிறார். சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்கலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் நால்வர் பேசுகிறார்கள். அதில் வீட்டைப் பற்றிப் பேசியவர் உங்கள் மாமியார் ஒருவர்தான். மற்ற மூவரும் படங்களைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், என்னிடம் வருகிற பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் நடக்கிறது.

அறைக்கு ஒரு பாணி என்பதை நான் ஏற்க மாட்டேன். வடிவமைப்பாளரைக் குறை சொல்லவும் மாட்டேன். நால்வர் நான்கு விதமாகக் கேட்டால் அவரும் என்ன செய்வார்? ஆனால் 950 சதுர அடியில் ஹாலில் நின்றாலே எல்லா அறைகளின் வாசலும் தெரியும். ஒரு கதவுக்குப் பின்னால் சாம்பல் சிமென்ட், அடுத்த கதவுக்குப் பின்னால் பளிச்சென்ற வெள்ளை, நடுவில் தரை மாறுகிற கோடு என்றால், இருக்கிற இடமும் துண்டு துண்டாகித் தெரியும். தவிர, மகளும் மாமியாரும் ஒரே அறை என்கிறீர்கள். அந்த அறை யாருடைய பாணியில் இருக்கும் என்று அவர் வரைந்த தாளில் பாருங்கள். பாட்டிக்கு அதில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு பாணியும் ஏதோ ஒரு நெருக்கடிக்கு யாரோ கண்ட வழி. படத்தில் அந்த வழி மட்டும் தெரியும், நெருக்கடி தெரியாது. உங்கள் வீட்டில் அதே நெருக்கடி இருந்தால் அந்த வழியை எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது வெறும் வேஷமாக நிற்கும்.

மகளுடைய ஸ்காண்டிநேவியனையே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான். சூரியன் வானில் உயர ஏறாது, கிடைக்கிற வெளிச்சமும் மங்கல். அந்த வெளிச்சத்தை ஒரு சொட்டுகூட வீணாக்காமல் அறை முழுக்கத் திருப்பி அடிக்கத்தான் வெள்ளைச் சுவர், வெளிர் நிறப் பைன், பிர்ச் மரம், திரையில்லாத ஜன்னல். உங்கள் ஹாலுக்குப் பிரச்சினை நேர் எதிர். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் தாழ்வாக, நேராக உள்ளே வரும். அதை ஒரு தூய வெள்ளைச் சுவரில் வாங்கினால் சாயங்காலம் டிவி பார்க்க முடியாது, எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவார். ஆகவே ஹாலுக்கு அந்த வெள்ளை வேண்டாம். படுக்கையறையில் வெளிச்சம் குறைவு என்றால் அங்கே அது அர்த்தமுள்ளது. அந்தப் பாணியில் வேறு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது: சாமான் குறைவு, இருப்பது எடை குறைவு, இழுத்து நகர்த்தலாம். அதை வீடு முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கணவருடைய இண்டஸ்ட்ரியல். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள் இருந்தன, தொழிற்சாலைகளும் கிடங்குகளும். தொழில் நகர்ந்துபோனதும் அவை காலியாகின. 1950, 60களில் ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே குடியேறினார்கள். வாடகை மலிவு, கூரை உயரம், ஜன்னல் பிரமாண்டம். செங்கல்லைப் பூசாமல் விட்டது, குழாய்களை மூடாமல் விட்டது எல்லாம் ரசனையால் அல்ல, கையில் காசில்லாததால். அங்கே வசிப்பதே சட்டப்படி கூடாது. 1971இல்தான் நகர நிர்வாகம் கலைஞர்கள் அங்கே குடியிருக்க அனுமதித்தது. இப்போது அதே தோற்றத்துக்காக, நன்றாகப் பூசியிருக்கிற சுவர்மேல் காசு கொடுத்துப் பூசாத சுவர்போல ஒன்றைப் பூசுகிறோம்! பரவாயில்லை, அழகுக்குச் செய்வதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களின் உயரம் உங்களிடம் இல்லை. பத்தடிக் கூரையின் கீழ் கருப்புக் குழாயையும் கருப்பு டிராக் லைட்டையும் தொங்கவிட்டால் கூரை தலைமேல் இறங்கி வந்ததுபோல இருக்கும். கரடுமுரடான சிமென்ட் பூச்சில் தூசி உட்காரும், மாமியார் துணியோடு வருவார், துணி நூல் நூலாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கணவருக்கு ஒரு சுவர் கொடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் மைக்ரோசிமென்ட், நன்றாகத் தேய்த்து மேலே சீலர் அடித்தது. நடுத்தரச் சாம்பல் அந்த மாலை வெயிலை விழுங்கிக்கொள்ளும், கூசாது. பாருங்கள், ஹாலுக்கு உதவுவது மகளின் வெள்ளையைவிட அப்பாவின் சாம்பல்தான்.

உங்கள் பட்டியலில் இல்லாத இரண்டு பாணிகளை நான் சேர்க்கிறேன். இரண்டும் உங்கள் மாமியாருக்காக.

அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்றொரு மதக்குழு. கூட்டாக வாழ்ந்தவர்கள், சுத்தத்தில் மிகக் கண்டிப்பு. சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டை, அதில் வரிசையாக முளைகள். பெருக்கும் நேரத்தில் நாற்காலிகளைத் தூக்கி அந்த முளையில் மாட்டிவிடுவார்கள். அலமாரிகளைச் சுவரோடு சுவராகத் தரையிலிருந்தே கட்டிவிடுவார்கள். அடியில் தூசி சேர இடமே இருக்காது. இன்று மாடுலர் கிச்சன் விற்கிறவர்கள் 'ஷேக்கர் கதவு' என்று காட்டுகிற, சட்டத்துக்குள் பலகை பதித்த எளிய கதவு அவர்கள் தந்ததுதான்.

இரண்டாவது, மிட் செஞ்சுரி என்கிற, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பாணி. சார்ல்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக, கால் முறிந்தவர்களுக்குக் கட்டும் சிம்பை பிளைவுட்டை வளைத்துச் செய்தார்கள். அந்த வித்தையே பிறகு நாற்காலியானது; 1956இல் வந்த அவர்களுடைய லவுஞ்ச் நாற்காலி இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. அந்தக் காலச் சாமான்கள் பலவும் மெல்லிய கால்களில் தரையைவிட்டு எழும்பி நிற்கும். அடியில் தரை தெரிவதால் அறை பெரிதாகத் தெரியும். துடைப்பமும் உள்ளே போகும்.

ஆக உங்கள் வீட்டுக்கு என் ஒற்றை விதி இதுதான்: எந்தச் சாமானும் ஒன்று ஷேக்கர்போலத் தரைவரை மூடி, சுவரோடு ஒட்டி இருக்கட்டும், அல்லது ஈம்ஸ்போலத் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது எழும்பி நிற்கட்டும். இரண்டுக்கும் நடுவே, இரண்டு அங்குல இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் சோபா, கட்டில், டிவி ஸ்டாண்ட் எதையும் வாங்காதீர்கள். அந்த இரண்டு அங்குலத்தில் கை நுழையாது, துடைப்பம் நுழையாது, தொலைந்துபோன எல்லாமும் மட்டும் நுழையும்.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள், ஆனால் மொத்த வேலையிலும் திரும்பச் சரிசெய்ய முடியாத முடிவு அது ஒன்றுதான்.

முதலில் அது தாங்குசுவரா, வெறும் தடுப்புச்சுவரா என்று தெரிய வேண்டும். தூண், பீம் போட்டுக் கட்டிய கட்டடத்தில் உள்சுவர்கள் பெரும்பாலும் தடுப்புதான். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி இடிக்கக் கூடாது. முழுச்சுவரையும் கான்கிரீட்டாகவே வார்த்த கட்டடங்களும் இருக்கின்றன. அங்கே ஒரு கதவளவு வெட்டுவதுகூட ஆபத்து. தட்டிப் பார்த்து மேஸ்திரி சொல்வது போதாது. கட்டட அமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு, எழுத்தில் தர வேண்டும். உங்களுக்கு மேலேயும் கீழேயும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் தேவைப்படும்.

தடுப்புச்சுவர்தான் என்று உறுதியானாலும் முழுசாக எடுப்பதில் எனக்கு உற்சாகமில்லை. திறந்த சமையலறை படத்தில் அழகு. நிஜத்தில் மிக்ஸிச் சத்தம், தாளிப்பு வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு, கழுவாத பாத்திரம் எல்லாம் ஹாலுக்குச் சொந்தமாகிவிடும். நான்கு பேர் நான்கு நேரத்தில் சாப்பிடும் வீட்டில், ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் சமைப்பார். சுவரை எடுத்தால் மேல் அலமாரி மாட்டும் இடமும் போகும், அந்தச் சாமான்கள் எங்கே போகும் என்று வரைபடத்தில் இருக்கிறதா?

இதற்கு நூறு வருடம் பழைய நல்ல விடை ஒன்று இருக்கிறது. 1926இல் மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறைதான் முன்மாதிரி. எத்தனை அடி நடக்கிறோம், எங்கே கை நீட்டுகிறோம் என்று கணக்கிட்டு ஒவ்வொரு டப்பாவுக்கும் இடம் குறித்தார். இன்றைய மாடுலர் கிச்சன்களுக்கெல்லாம் மூதாட்டி அதுதான். அதில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே அவர் வைத்தது நகரும் கதவு. திறந்தால் குழந்தைகள் கண்ணில் படுவார்கள், மூடினால் புகை வராது.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சுவரில் ஐந்தடி அகலத்துக்கு ஒரு திறப்பு, அதில் கண்ணாடி பதித்த நகரும் கதவு. கதவுச் சட்டம் மெல்லிய கருப்பு இரும்பாகவே இருக்கட்டும், உங்கள் கணவருடைய ஆசை அங்கே ஒரு வேலையும் செய்யும். கண்ணாடி கட்டாயம் டஃபன்ட் கிளாஸ், உடைந்தாலும் கூரான துண்டுகளாகச் சிதறாத வகை. மீதிச் சுவரில் மேல் அலமாரி அப்படியே தொடரும்.

சமையலறைக்குள் சில அளவுகள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 4 அடியிலிருந்து 9 அடிக்குள், மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மிகாமல். எதிரெதிர் மேடை என்றால் நடுவில் 42 அங்குலம், இருவர் சேர்ந்து சமைப்பதானால் 48. மேடையின் உயரம் பொதுவாக 36 அங்குலம் என்பார்கள். இதில் மட்டும் புத்தக அளவை நம்பாதீர்கள். அதிகம் சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். சிங்க்கை வேறு மூலைக்கு மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கழிவுக்குழாய் எப்படிப் போகும் என்று கேளுங்கள். சிறிய கழிவுக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். எட்டடி தள்ளினால் இரண்டு அங்குலம் தரைக்குள் இறங்க வேண்டும், அடுக்குமாடியில் அதற்குக் கீழே இருப்பது அடுத்தவர் கூரை.

இனி வெளிச்சம். வீட்டின் தோற்றத்தைப் பாணியைவிட அதிகம் மாற்றுவது விளக்கு. ஆனால் பட்ஜெட்டில் அதற்கு எப்போதும் கடைசி வரிதான்.

பல்பு பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை மஞ்சள் சாய்ந்த இதமான ஒளி, 4000 நடுநிலை, 6500 நீலம் சாய்ந்த வெள்ளை. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000, சமையல் மேடைக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் 4000. 6500ஐ ஆணி தேடும் கேரேஜுக்கு விட்டுவிடலாம். இன்னொரு எண் சிஆர்ஐ. அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு நிஜமாகத் தெரியும் என்பதற்கான அளவு. 90க்கு மேல் வாங்குங்கள். தேக்கின் நிறமும் முகத்தின் நிறமும் 80இல் கொஞ்சம் செத்துத் தெரியும்.

கூரை நடுவில் ஒரே விளக்கு என்ற பழக்கத்தை விடுங்கள். ஃபால்ஸ் சீலிங் முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை போடுவதும் எனக்குப் பிடிக்காது. அண்ணாந்து படுத்தால் கண்ணில் குத்தும், கூரையும் தாழும். பொதுவெளிச்சம் கொஞ்சம், வேலை செய்கிற இடத்தில் தனி விளக்கு, மாலைக்குத் தாழ்வான ஒன்றிரண்டு விளக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். இவ்வளவு போதும். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்கட்டும்.

பாட்டியும் பேத்தியும் இருக்கும் அறையை இங்கேதான் யோசிக்க வேண்டும். இருபது வயதுக் கண்ணுக்குள் போகிற ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. பேத்திக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்கு அரையிருட்டு. பாட்டிக்கு ஏற்ற அளவில் கூரை விளக்கைப் போட்டால் பேத்தி இரவில் தூங்க மாட்டாள். ஆகவே இரு கட்டிலுக்கும் தனித்தனிச் சுவர் விளக்கு, படுத்தபடியே எட்டும் ஸ்விட்ச், பாட்டி பக்கத்தில் அதிக ஒளி. கட்டிலிலிருந்து குளியலறைவரை தரையோரம் ஒரு மங்கலான இரவு விளக்கு, ஆள் நடந்தால் தானாக எரிகிற வகை. எல்லாமே வெள்ளை என்ற மகளின் ஆசைக்கு இங்கே ஒரு திருத்தம் தேவை: வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை ஸ்விட்ச் என்றால் பார்வை மங்கியவருக்கு எதுவும் தனித்துத் தெரியாது. கதவுச் சட்டமும் ஸ்விட்ச் பலகையும் ஒரு படி அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும்.

அதே கண்ணோட்டத்தில் குளியலறையையும் இப்போதே முடித்துவிடுங்கள். தரைக்கு ஆர்10 அல்லது அதற்கு மேல் வழுக்காத் தரம் கொண்ட டைல். சின்ன டைலாக இருந்தால் இணைப்புக் கோடுகள் அதிகம், பிடிமானமும் அதிகம். டைல் ஒட்டும் முன் நீர்க்காப்புப் பூச்சு, பிறகு தரையில் தண்ணீர் கட்டி குறைந்தது 24 மணி நேரம் நிறுத்திக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்க்கச் சொல்லும் ஒப்பந்தக்காரரையே தவிர்த்துவிடுங்கள். கைப்பிடிக் கம்பி 33 முதல் 36 அங்குல உயரத்தில், திடமான சுவரில் ஆழமாகப் பதித்து. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்திருப்பவர்கள் பலர், அது அந்த எடைக்குச் செய்ததல்ல.

இப்போது உங்கள் தேக்கு அலமாரி. அதை அனுப்பிவிட மனமில்லை என்று தயக்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் வீட்டின் நிறங்களை அதிலிருந்துதான் தொடங்குவேன். மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும், அது கிடைக்காது. வெள்ளைப் பெயின்ட் அடித்து 'நவீனமாக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். பழைய பாலிஷை நீக்கி எண்ணெயோ மெழுகோ பூசினால் போதும். அதன் அகலம், ஆழம், உயரம், கதவு திறக்கும் தூரம் எல்லாம் அளந்து வரைபடத்தில் இப்போதே ஏற்றச் சொல்லுங்கள். கடைசி நாளில் வந்து, புதிதாகப் போட்ட பிளக் பாயின்ட்டை மறைத்துக்கொண்டு நிற்கும் பழைய அலமாரிகளை நிறையப் பார்க்கிறேன்.

அதை ஹாலில், வாசலிலிருந்து நேராகத் தெரியும் சுவரில் வையுங்கள். வெயில் நேரே படும் இடம் மட்டும் வேண்டாம். புதிதாக வரும் மர லேமினேட்டும் கதவுகளும் அந்தத் தேக்கின் குடும்பமாகவோ, அதைவிட நன்றாக வெளிறியோ இருக்கட்டும். கிட்டத்தட்ட அதே நிறம், ஆனால் கொஞ்சம் சிவப்பாக என்று வாங்கினால் சண்டை போடும். வீடு முழுக்க மரத்தில் இரண்டு நிறம், உலோகத்தில் இரண்டு, அவ்வளவுதான். கருப்பு ஒன்று, பித்தளை ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்; குழாய்க்குப் பளபள குரோம், கைப்பிடிக்கு ரோஸ் கோல்டு என்று மூன்றாவது நான்காவது நுழையும்போதுதான் வீடு ஷோரூம் ஆகிறது.

பல பாணிகளைச் சேர்ப்பதில் நான் பின்பற்றும் ஒழுங்கு எளிது. பெயர்த்து எடுக்க முடியாதவற்றில் பாணி கூடாது. தரை, சுவரின் பெரும்பகுதி, ஜன்னல், கட்டி வைத்த அலமாரி எல்லாம் அமைதியாக, வீடு முழுக்க ஒரே மாதிரி. நகர்த்தக்கூடியவற்றில் எந்தப் பாணியும் வரலாம். நாற்காலி, விளக்கு, திரை, விரிப்பு, மெத்தை உறை, படம். உங்களுக்குப் பிடித்த அழுத்தமான வண்ணங்களுக்கு இடம் இங்கேதான். கரும்பச்சை நாற்காலி ஒன்று, செங்காவி விரிப்பு ஒன்று. ஆறு வருடத்தில் ரசனை மாறினால் விரிப்பை மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. ஆர்ட் டெகோவில் ஆசைப்பட்டால்கூட, 1925 பாரிஸ் கண்காட்சியின் பெயரால் அறியப்படும் அந்த ஆடம்பரப் பாணியை ஒரு கண்ணாடியிலோ ஒரு விளக்கிலோ தீர்த்துக்கொள்ளலாம்.

இப்படிச் சேர்த்தால் ஒட்டாது என்று பயந்தால் ஜெஃப்ரி பாவாவை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பெரிய கட்டடக் கலைஞர். கொழும்பில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று, காலப்போக்கில் ஒரே வீடாக்கினார். உள்ளே பழைய மரத்தூண்களும் கதவுகளும் இருக்கும், பக்கத்திலேயே அவர் காலத்து நவீன நாற்காலியும் இருக்கும். வெண்மையான சுவர்களும் தரையும் ஒரே அமைதியில் தொடர்வதாலும், கடைசியில் எப்போதும் ஒரு வெளிச்சம் தெரிவதாலும் எதுவும் உறுத்தாது. அந்த வெளிச்சம் சின்னத் திறந்த முற்றங்களிலிருந்து வருவது, மேற்கு வெயில் போலக் கண்ணில் அடிக்காது. அந்த வெண்மை அங்கே செல்லும், உங்கள் ஹாலில் செல்லாது என்றதன் காரணமும் இதுதான்.

தரையை மாற்றுவதானால் வீடு முழுக்க ஒரே டைல், அறை வாசல்களில் கோடு விழாமல். பழைய டைல் மேலேயே ஒட்டலாம் என்றால் தளமட்டம் அரை அங்குலத்துக்கு மேல் ஏறும், எல்லாக் கதவையும் அடியில் சீவ வேண்டும், கூடும் எடையைப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். தேவைக்கு மேல் பத்து சதவீதம் வாங்கிவையுங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து.

சுவர் நிறத்தைக் கடை அட்டையில் முடிவு செய்யாதீர்கள். இரண்டடிப் பலகையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், மாலை, இரவு விளக்கில் என்று சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள். உங்கள் ஹாலில் ஐந்து மணிக்கு எல்லா நிறமும் ஆரஞ்சு சாயும். பளபளப்பே இல்லாத முழு மேட் பெயின்ட் மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் துடைத்தால் தடம் விழும். கை படும் உயரத்தில் லேசாகப் பளபளக்கும் சாட்டின் வகை நல்லது.

வேலையின் வரிசை: இடிப்பு, திறப்பு, பிறகு வயரிங்கும் குழாயும், அப்புறம் பூச்சு, நீர்க்காப்பு, டைல், தச்சு வேலை, கடைசியில் பெயின்ட். 22 வருட வயரிங்கை அப்படியே விட்டு மேலே பெயின்ட் அடிப்பது வீண். ஏசிக்கும் ஓவனுக்கும் தனி லைன், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச், இப்போது தேவைப்படுவதைவிடக் கூடுதலாகச் சில பிளக் பாயின்ட். பட்ஜெட்டில் 15 சதவீதத்தை யாரிடமும் சொல்லாமல் ஒதுக்குங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே ஏதாவது இருக்கும். வடிவமைப்பாளரிடம் அழகான முப்பரிமாணப் படம் வாங்கியிருப்பீர்கள். அதைவிட எனக்கு முக்கியம் மூன்று கோட்டு வரைபடங்கள். சாமான்கள் அளவோடு போட்ட தள வரைபடம், ஸ்விட்சும் பிளக்கும் குறித்தது, குழாய் வழி குறித்தது. அவை கைக்கு வராமல் சுத்தியல் எடுக்க விடாதீர்கள்.

கேட்க மறந்திருப்பீர்கள், எல்லோரும் மறப்பார்கள்: வேலை நடக்கும்போது எங்கே இருப்பீர்கள்? இடிப்பும் டைலும் முடியும்வரை வேறு வீட்டில் இருப்பது நல்லது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வெளியே போக வழியில்லை என்றால் மாமியாரும் மகளும் இருக்கும் அறையை முதலில் முடித்து, நால்வரும் அதில் ஒண்டிக்கொண்டு மற்றதைத் தொடங்குங்கள். குளியலறைகள் இரண்டையும் ஒரே நேரத்தில் உடைக்க மட்டும், ஒப்பந்தக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள்.